எத்திராஜுக்கு ஒரு பாவாடை

என் தையல் கடையில் மூன்று பெண்கள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க நின்றிருந்தபோது என் வீட்டுக்காரர் சத்தியராஜ் வந்து வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார். பெண்கள் இருக்கும்போது அவர் உள்ளே வரமாட்டார். முப்பத்துநான்கு வருஷம் ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ டாங்கிகளுக்கு வெல்டிங் வைத்து ஓய்வு பெற்ற மனிதர், ஜாக்கெட் துணியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

“இன்னா வேணும், சொல்லுங்க,” என்றேன்.

“ஒரு பாவாடை தைக்கணும் ஹெலினா.”

“யாருக்கு?”

“நம்ம எத்திராஜுக்கு.”

மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த டேப் நழுவிக் கீழே விழுந்தது. நானும் சும்மா இருக்காமல், “இடுப்பு எத்தினி?” என்று கேட்டுவைத்தேன். “முப்பது அடி,” என்று சொல்லிவிட்டு, ஒரு செருப்பைச் சரியாக மாட்டாமலேயே கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். எங்கோ ஒரு சேற்று வெளியில் ஒரு வண்டி வந்தது. படகும் இல்லை, காரும் இல்லை. தண்ணீர் மேல் வந்தது, சேற்றில் ஏறியது, புல்லின் மேல் போனது, மறுபடி தண்ணீரில் இறங்கியது. ஹோவர்கிராஃப்ட் என்றார். பெரிய காற்றாடி ஒன்று சுழன்று பாதிக் காற்றை வண்டிக்கு அடியில் அனுப்பும். வண்டி எழும்பி நிற்கும். மீதிக் காற்று பின்பக்கம் போய் வண்டியைத் தள்ளும். அடியில் போன காற்று சிதறாமல் இருக்க வண்டியைச் சுற்றித் துணி கட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் பாவாடை. எந்த நாட்டுக்காரன் வைத்த பெயரோ, நன்றாக இருக்கட்டும்.

“இத்த யாரு செய்யப் போறது?”

“நானும் உலகநாதனும்.”

உலகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். போன வருஷம் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தார்கள். அதை வெயிலுக்கு நகர்த்த நான்கு ஆள் வேண்டும். இன்றுவரை அது வைத்த இடத்திலேயே நிற்கிறது, நான் மாடியில் கொடி கட்டித்தான் காயப்போடுகிறேன். அதைச் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தேன். ஆனால் வண்டி எதற்காக என்று அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன்.

எத்திராஜ் அண்ணன் அதே தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தவர். இவரும் அவரும் இருபத்தெட்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அவர் வீடு பட்டாபிராம் தாண்டி, நாவலேரிக்கு அந்தப் பக்கம், நாவல்மேட்டில். முப்பது வீடு இருந்தால் அதிகம். மூன்று பக்கம் ஏரியும் சேறும், நாலாவது பக்கம் கம்பிவேலி போட்ட அரசாங்க நிலம். ஊருக்குள் போக ஒரே ஒரு தரைப்பாலம். ஐப்பசியில் நாலு நாள் மழை சேர்ந்தாற்போல் அடித்தால் பாலம் முழுகிவிடும். பிறகு இருபது நாளோ இருபத்தைந்து நாளோ, ஏரி மனசு வைக்கும்வரை ஊர்க்காரர்கள் உள்ளேதான்.

இளைஞராக இருந்தால் சமாளிக்கலாம். அண்ணனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆவடிக்கு வந்து நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். அந்த வருஷ மழைக்கு அவரை அழைத்து வரப் போன மோட்டார் படகு நடு ஏரியில் ஆகாயத்தாமரைக்குள் சிக்கி, விசிறியில் கொடி சுற்றி, நாலு மணி நேரம் நின்றுவிட்டது. அதனால் போன வருஷம் மழைக்கு முன்பே அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அவர் மனைவி பூங்காவனம் மாடுகளை விட்டுவிட்டு வர முடியாமல் அங்கேயே இருந்தாள். தொழுவத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறி ஒரு கன்று செத்துப்போனது. ஒற்றைப் பெண்ணாக அவள் மற்ற இரண்டு மாட்டையும் இழுத்து வந்து வீட்டுக் கூடத்தில் கட்டிக்கொண்டு, கட்டிலின் மேல் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தாள். இங்கே எங்கள் வீட்டு சோபாவில் அண்ணன் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

இந்த வருஷம் ஆடி மாதமே அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். “மழைக்கு நான் ஊட்ட உட்டு வர மாட்டேன் சத்தி. தண்ணி ஏறிச்சினா மிஷினும் வாணாம், ஒண்ணும் வாணாம். அவகூடயே குந்திகினு கீறேன். வர்றது வரட்டும்.”

மிஷினை நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாவாடை தைத்தேன். பாராசூட் துணி, உள்ளே ரப்பர் பூசியது. என் தையல் மிஷின் ஊசி ஆறு உடைந்தது. ஆவணி முடிவதற்குள் ஒரு வண்டி உருவாகி, உலகநாதனுடைய மினி லாரியில் ஏறி, நாவலேரிக் கரைக்கு வந்து சேர்ந்தது. இறக்குவதற்கு எட்டுப் பேர் பிடித்தார்கள். 

எஞ்சினைப் போட்டார்கள். ஏரியிலிருந்த கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. அக்கரையில் யாருடைய மாடோ கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பாவாடை பொம்மென்று உப்பியது. வண்டி அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் இன்னும் முடுக்கினார். துணியின் மூலைகளில் காற்று பீறிட்டு எங்கள் எல்லோர் மேலும் சேற்றை வாரி அடித்ததுதான் மிச்சம்.

உலகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாமே, டாங்கிக்குப் பாவாடை கட்டி உட்டுக்கீறோம்,” என்றார்.

அதுதான் உண்மை. வாழ்நாள் முழுக்கக் குண்டு பட்டாலும் கலங்காத வண்டி செய்தவர் இவர். ஒரு கம்பி போதும் என்கிற இடத்தில் இரண்டு வைத்தார்கள், இரண்டு வைத்த இடத்தில் தகடும் வைத்தார்கள். பழைய இரும்புக் கடையில் எடை போட்டதில் நானூற்றுப் பத்து கிலோ.

“தாங்கணுமில்ல?” என்றார் இவர்.

“எத்த தாங்கணும்? காத்தையா?” என்று கத்திவிட்டேன். எட்டுப் பேர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. அன்றும் மறுநாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நானே பட்டறைக்குப் போனேன். தைத்ததைப் பிரிப்பது எனக்கு அன்றாட வேலை. தோள் இறங்கினால் பிரிப்பேன், கை இறுகினால் பிரிப்பேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் கிடையாது. துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து வண்டியில் எனக்கு வேண்டாம் என்று பட்ட கம்பிகளிலெல்லாம் குறுக்கே கோடு போட்டேன். இவர் ஒவ்வொன்றுக்கும் வாதாடினார். உலகநாதன் என் பக்கம் நின்றார். முதல் கம்பியை அறுக்கும்போது இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், பொறி பட்டதாம். இரும்பு போய் அலுமினியமும், பிளைவுட்டும், தெர்மாகோலும் வந்தன. நானும் பாவாடையைப் பிரித்து, மூலைகளில் கலி என்கிற முக்கோணத் துண்டு வைத்து மறுபடி தைத்தேன். புரட்டாசி பாதியில் வண்டி நூற்று அறுபத்தைந்து கிலோவுக்கு வந்தது.

இரண்டாம் தடவை எஞ்சினைப் போட்டதும் அது ஒரு பெருமூச்சு விட்டு நாலு விரற்கடை மேலே எழும்பியது. நான் ஒற்றை விரலால் தள்ளினேன், நகர்ந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு. “மாதாவே” என்று சொல்லிக்கொண்டே சேற்றில் அதன் பின்னாலேயே நடந்தேன்.

ஆனால் ஏற்றிப் பார்த்தபோது கணக்கு இடித்தது. இரண்டு பேர் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போனால் எழும்ப மறுத்தது. அண்ணன் அறுபத்து மூன்று. ஓட்டுவதற்காக இரண்டு மாதமாய் வீடியோ பார்த்துப் பாடம் பண்ணி வைத்திருந்த என் வீட்டுக்காரர் தொண்ணூற்று நான்கு.

 இவர் தன் வயிற்றைப் பார்த்தார். “ஒரு மாசத்துல கொறச்சிடுவேன்,” என்றார். வானத்தில் மேற்கே கறுப்பாகத் திரண்டு கொண்டிருந்தது.

புல்லுக்கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனம் கட்டைக் கீழே போட்டாள். “நானு நாப்பத்தேழு கிலோ. நான் ஓட்றேன்.”

“உனுக்கு சைக்கிளே வராதே!” என்றேன்.

“சைக்கிள்ல உழுந்துடுவேன்க்கா. இதுல எங்க உழறது? நாலு பக்கமும் அகலமாத்தான கீது.”

அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. திருப்பினாலும் உடனே திரும்பாது, வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பும். உலகநாதன் ஓட்டி நேராகப் போய்க் கருவேலம் புதரில் ஏறினார். பூங்காவனத்துக்கு மூன்றாம் நாளே பிடிபட்டது. மாட்டு வண்டியைச் சந்தில் திருப்புகிறவர்கள் முனை வருவதற்கு முன்பே கயிற்றை இழுப்பார்களாம், அதேதான் என்றாள். என் வீட்டுக்காரர் கரையில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொன்னோம். அவர் வந்து பார்த்து, இரண்டு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் இறக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, மற்றபடி தான் எதையும் பார்க்கவில்லை என்றார். நல்ல மனிதர்.

இந்த நாட்களிலெல்லாம் எத்திராஜ் அண்ணன் என்ன செய்தார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வண்டியின் முன் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவர் தலைக்கு மேலே பேசிக்கொண்டோம். இவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார வைக்கலாமா, இவருக்கு மழைக்கோட்டு எந்த அளவு, இவரை இறக்கும்போது யார் பிடிப்பது. அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் பூங்காவனத்தைத் திட்டுகிற மனிதர், சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், சொன்னபோது இறங்கினார். எவ்வளவு பொறுமை என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஐப்பசி கடைசியில் பாலம் முழுகியது.

முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் இவரும் ஆட்டோவோடு இக்கரையில் காத்திருந்தோம். தூறல். ஏரி முழுக்கப் பச்சைப்பாய் விரித்த மாதிரி ஆகாயத்தாமரை. அக்கரையில் எஞ்சின் சத்தம் கேட்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூடப் பொது இடத்தில் பிடித்ததில்லை. வண்டி தாமரை இலைகளின் மேலேயே வந்தது. இலைகள் படுத்து எழுந்தன. ஆறே நிமிஷம். கரையேறி, சேற்றில் வழுக்கி, எங்கள் ஆட்டோவுக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றது. பூங்காவனம் எஞ்சினை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “காது ரெண்டும் அடச்சிகிச்சி,” என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் திரும்பும்போது ஒரு வேடிக்கை கவனித்தோம். காலையில் சிரமப்பட்டு எழும்பிய வண்டி மாலையில் துள்ளி எழும்பியது. மிஷினில் படுத்தால் உடம்பில் தேங்கிய நீரெல்லாம் வடிந்து அண்ணன் மூன்று கிலோ குறைந்துவிடுவார். போகும்போது அறுபத்து மூன்று, வரும்போது அறுபது. வண்டிக்கு அது தெரிந்தது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுற்றிலும் ஏரி, மேலே மழை, நடுவில் அரை லிட்டர் அளந்து குடிக்கும் மனிதர். இதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அப்படி ஐந்து தடவை வந்து போனார்கள். ஆறாவது தடவை, ஒரு வெள்ளிக்கிழமை, எஞ்சின் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. வண்டி வரவில்லை.

இவருடைய போன் அடித்தது. பூங்காவனம். ஸ்பீக்கரில் போட்டார். “ஏந்திரிக்க மாட்டேங்குதுண்ணே. உப்புது, ஏந்திரிக்க மாட்டேங்குது.”

“பாவாட எங்கனா கிழிஞ்சிகீதா பாரு.”

“சுத்தி பாத்துட்டேன். ஒண்ணும் கிழில.”

பெல்ட்டைப் பார்க்கச் சொன்னார், காற்றாடியைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. மழை வலுத்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மிஷின். விட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். எனக்கு அவள் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. மூச்சு. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

“பூங்காவனம், அண்ணன எட போட்டியா?” என்றேன்.

“நேத்து காலைல போட்டது அக்கா. அறுவத்தி மூணுதான்னு சொன்னாரு.”

“சொன்னாரா, நீ பாத்தியா?”

போனில் கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. வீட்டுக்குப் போய் எடை மிஷினை எடுத்து வந்து அவரை ஏற்றியிருக்கிறாள். திரும்ப வந்த குரல் வேறாக இருந்தது. “அறுவத்தெட்டுக்கா.”

ஐந்து கிலோ. வழக்கத்துக்கு மேல் ஐந்து, மூன்றே நாளில் மொத்தம் எட்டு கிலோ தண்ணீர். தண்ணீர் நுரையீரல்வரை ஏறியிருக்கிறது, அந்த மூச்சுக்கு அதுதான் அர்த்தம். ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனார். அவர் முகம் வெளிறியிருந்தது. அண்ணனுக்காக என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

“பூங்காவனம், நல்லா கேளு. அவன் குந்தற சீட்டுக்கு அடியில பலகைய தூக்கு. கீழ ஒரு தகடு கீது. நாலு போல்ட்டு. பதினேழாம் நம்பர் ஸ்பேனர், யாரு ஊட்டு டிராக்டர்லயாவது இருக்கும். கழட்டித் தூர எறி.”

“தகடா? எத்தினி கிலோ?”

“ஆறரை.”

நான் இவரையே பார்த்தேன். எல்லாத் தகட்டையும் எடுத்தாயிற்று என்று மாதா படத்தின் முன்னால் எனக்குச் சத்தியம் செய்தவர். டாங்கியில் டிரைவர் உட்காரும் இடத்துக்கு அடியில் தனியாக ஒரு கனத்த தகடு வைப்பார்கள், கீழே வெடித்தாலும் ஆள் பிழைக்க. நாவலேரியில் கண்ணிவெடி ஏது? இருந்தாலும் சிநேகிதனை வெறும் பிளைவுட்டின் மேல் உட்கார வைக்க இவருக்கு மனசு வரவில்லை.

“பொய் சொன்னீங்களா என்கிட்ட?”

“ஆமா,” என்றார்.

ஒருவர் தண்ணீரை ஒளித்திருக்கிறார், ஒருவர் இரும்பை ஒளித்திருக்கிறார். இரண்டு பேரும் எடையைப் பற்றித்தான் பொய் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இவரை அங்கேயே ஏரியில் தள்ளியிருப்பேன். அவர் கையில் போன் இருந்ததால்தான் தள்ளவில்லை.

இருபது நிமிஷம் கழித்து வண்டி வந்தது. வழக்கத்தைவிடத் தாழ்வாக, பாவாடை நீரில் உரசியபடி. அண்ணன் முகம் வீங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.  ஆட்டோவில் ஏற்றி ஆவடிக்கு விரட்டினோம். அங்கே நர்ஸ் பார்த்ததும் ஆக்ஸிஜனை வைத்து முதலில் அவரைத்தான் மிஷினில் படுக்க வைத்தாள். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துத் தேங்கியதையெல்லாம் வடித்தார்கள்.

மாலை நாலு மணிக்கு ஏரிக்கரைக்குத் திரும்பினோம். மழை விட்டிருந்தது. அண்ணன் களைத்துப் போயிருந்தார், ஆனால் மூச்சு சீராக வந்தது. வண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார். பூங்காவனம் அவர் எதிரில் சேற்றில் குந்தினாள். காலையிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“தாகத்துக்குக் குடிச்சியா, போய்ச் சேரணும்னு குடிச்சியா?”

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

அண்ணன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை. அதைத் தடவிக்கொண்டே சொன்னார், “மொத ரெண்டு சொம்பு தாகத்துக்குத்தான்.”

 பூங்காவனம் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“அப்பறம்?”

“அப்பறம் இன்னாத்த சொல்றது. மூட்ட மாரி கீறேன். நீ ஏத்துற, எறக்குற. சத்தி மழையில நின்னுகினு கீறான். அந்தக்கா கடைய மூடிட்டு வர்றாங்க. ஊட்ல இருந்தா போதும்னு நெனச்சேன். ஊட்லதான் கீறேன். எதுக்கு கீறேன்னுதான் தெரில.”

நாங்கள் முடுக்கி முடுக்கிச் செய்த வண்டி பக்கத்தில் நின்றது. வண்டி வந்துவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அவரை அக்கரையிலிருந்து கொண்டுவருவது பற்றி மட்டுமே மூன்று மாதமாய்ப் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூங்காவனம் எழுந்து புடவையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள். “செவ்வாக்கெழம நீ ஓட்டு.”

“நானா? இந்தக் கைய வெச்சிகினா?”

“இன்னொரு கை கீதில்ல? முன்னாடி சீட்ல நான் குந்திகிறேன். எனுக்கு நீச்சல் தெரியாதுன்னு உனுக்கே தெரியும். நீ சொம்பு சொம்பா குடிச்சிட்டு வந்தினா நடுவுல குந்திக்கும் இது. நானும்தான் முழுகணும், அத்த பாத்துக்கோ.”

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். ஓட்டுகிற இடத்தில் இருந்த கைப்பிடியை வலது கையால் தொட்டு, ஒரு தடவை இப்படியும் அப்படியும் திருப்பினார். “கொஞ்சம் டைட்டா கீதே,” என்றார். இவர் உடனே எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அந்தச் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் இவரோடு பேசவில்லை. தகட்டு விஷயம் அவ்வளவு சுலபமாக ஆறாது. ஆனால் இரண்டு பேரும் ஞாயிறு பூசை முடிந்ததும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக ஏரிக்குத்தான் போனோம். அக்கரையில் அண்ணன் சேற்றுத் திட்டில் வண்டியை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பூங்காவனம் போனில் எடையைச் சொன்னாள். அறுபத்தொன்றரை. நானே பார்த்தேன் அக்கா, என் கண்ணால பார்த்தேன் என்று இரண்டு தடவை சொன்னாள்.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. நேராக வரவில்லை. பூங்காவனம் ஓட்டினால் கோடு கிழித்த மாதிரி வரும். இது இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், நின்று, திரும்பி, தாமரைக்காட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. முன் இருக்கையில் அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு நிமிஷம் ஆகிற இடத்தில் பதினோரு நிமிஷம் ஆயிற்று. நான் அத்தனை நேரமும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

கரையேறி எஞ்சின் அணைந்த பிறகும் அண்ணனுடைய வாய் நிற்கவில்லை.

“ஒரு பக்கமா சாஞ்சி குந்தாத, சாஞ்சி குந்தாதன்னு எத்தினி வாட்டி கத்தறது? காது கேக்கல உனுக்கு? நடுவுல குந்துன்னா ஓரத்துல போயி குந்துறா. வண்டி எப்பிடி நேரா வரும்? நான் பாக்கறதா, இவள பாக்கறதா?”

அவர் திட்டிக்கொண்டே யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, எங்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல், ஆட்டோவைப் பார்த்து நடந்தார். என் வீட்டுக்காரர் வண்டியைப் பிடித்துக் கட்டப் போனார்.

பூங்காவனம் இன்னும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கை கொடுத்தேன். அவள் முகமெல்லாம் ஈரம், மழையா வேறெதுவா என்று நான் பார்க்கவில்லை.

“திட்றாருக்கா,” என்றாள். “ரெண்டு வருசம் கழிச்சி திட்றாரு.”